தரகர் இல்லாமல் வீட்டை விற்பது எப்படி?



தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு சொந்த வீடு என்பது எளிதில் வந்த பொருள் அல்ல. லயத்து வீட்டில் நாம் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அது கம்பெனியின் வீடுதான். 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்தவர்கள் ஏராளம். அந்த நிலையில்தான் 1960 ஆம் ஆண்டு துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதா மாதம் கட்டிய சிறு தொகையைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய வரலாறு நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு, ஊழியர் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் நம்பி, பக்கத்துத் தாமானில் ஒரு மலிவு விலை வீடாவது வாங்கிய குடும்பங்கள் பல.

அப்படி வாங்கிய வீட்டை விற்க வேண்டிய நிலை சில வேளைகளில் வருகிறது. பிள்ளைகள் கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ வேலை பார்க்கிறார்கள். வயதான பெற்றோர் அவர்களோடு போய்ச் சேர நினைக்கிறார்கள். அல்லது மருத்துவச் செலவு வந்துவிடுகிறது. அப்போது பெற்றோர்கள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, வீட்டை விற்கத் தரகரிடம் போய்த்தான் ஆகவேண்டுமா?" என்பது. இன்று அந்தக் கேள்விக்கு விடை காண்போம்.

போகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தம் வீட்டைத் தாமே விற்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. பிறருடைய வீட்டைக் கூலிக்கு விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான் சட்டம் நிபந்தனை விதிக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 242 ஆம் சட்டத்தின்படி, அவர்கள் பதிவு பெற்ற சொத்து முகவராகவோ, அவருக்குக் கீழ் பதிவு பெற்ற பேச்சாளராகவோ இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல், "நான் ஆள் கொண்டு வருகிறேன், எனக்குக் காப்பிக் காசு கொடுங்கள்" என்று சொல்லும் கடைத்தெருத் தரகர் சட்டத்துக்குப் புறம்பாகத் தொழில் செய்கிறார்.

பதிவு பெற்ற முகவரின் கட்டணம், விற்கும் விலையில் 3 விழுக்காடு வரை போகலாம். 1 இலட்சத்து 80 ஆயிரம் வெள்ளிக்கு விலைபோகும் வீட்டுக்கு அது 5,400 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆக, இந்தக் கட்டணம் மூன்று மாதச் சம்பளத்துக்கும் அதிகம். நாமே விற்றால் இந்தத் தொகை நம்மிடம் நிற்கும்.

ஆனால், நேயர்களே, இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தரகர் செய்வது விலை சொல்வது, ஆள் தேடுவது, வீட்டைக் காட்டுவது, பேரம் பேசுவது ஆகிய நான்கு வேலைகள். இவற்றை நாமே செய்துகொள்ளலாம். பட்டா மாற்றுவது, பணத்தைப் பாதுகாப்பாகக் கைமாற்றுவது ஆகியவை வழக்கறிஞரின் வேலை. அதை நாம் செய்யத் துணியக்கூடாது. தரகர் இல்லாமல் வீட்டை விற்கலாம். வழக்கறிஞர் இல்லாமல் விற்கக்கூடாது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

இனி, தீபகற்ப மலேசியாவில் ஒரு வீட்டை விற்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி, பட்டாவைப் படித்தல். நாம் கிராண்ட் என்று சொல்லும் நிலப் பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு, மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பட்டா வங்கியில் இருந்தால், அதன் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி 'சாரியான் ரஸ்மி' என்னும் அதிகாரப்பூர்வத் தேடல் தாளைப் பெறலாம். அதில் ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, யார் பெயரில் இருக்கிறது என்பது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு, நிலையான உரிமையா, 99 ஆண்டு போன்ற குத்தகையா என்பது. குத்தகை என்றால் 'பஜாக்கான்' என்று எழுதியிருக்கும். இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்று கணக்குப் பாருங்கள். மூன்று, 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்னும் கட்டுப்பாடு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்த அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மலிவு விலை வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் சில வீடுகளுக்கு உண்டு. நான்கு, வங்கியின் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்பது. ஐந்து, 'கவியாட்' என்னும் தடைக் குறிப்பு யாராவது போட்டிருக்கிறார்களா என்பது.

பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தால், அந்த வீட்டை உடனே விற்க முடியாது. மூத்த மகன் வரி கட்டி வந்தார் என்பதனால் அது அவர் வீடு ஆகிவிடாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, நிலமோ வீடோ அடங்கியதாகவும் 50 இலட்சம் வெள்ளிக்கு மிகாததாகவும் இருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்து வாரிசுகள் பெயருக்கு மாற்றலாம். 2024 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 20 இலட்சமாக இருந்தது. இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், 1958 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மணமாகிப் போன மகளுக்கும் மகனுக்குரிய அதே பங்கு உண்டு. இதை முதலிலேயே பேசி முடிக்காமல் வாங்குபவரைத் தேடினால், பேரம் முடிந்த பிறகு வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

இரண்டாம் படி, விலை வைத்தல். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலை வேறு, அவர் கடைசியில் பெற்ற விலை வேறு. நமக்கு வேண்டியது பிந்தையது. நிதியமைச்சின் கீழ் உள்ள மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை உண்மையில் நடந்த விற்பனைகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. கையில் திறன்பேசி உள்ள பிள்ளைகள் அத்துறையின் தகவல் மையத்தில் தேடிப் பார்க்கலாம். நம் வீட்டைப் போலவே அமைந்த, அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று வீடுகளின் விலை தெரிந்தால் போதும். லேலாங்கில் போன வீட்டின் விலையை யாராவது காட்டி, "இதுதான் இங்கே விலை" என்று சொன்னால் ஏமாற வேண்டாம். ஏலத்தில் போகும் வீடு வழக்கமாகக் குறைந்த விலைக்கே போகும்.

ஆசைப்பட்டு விலையை மிக உயர்த்தி வைப்பதும் தவறு. ஏன் என்று ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்போம். நாம் 2 இலட்சத்து 20 ஆயிரம் கேட்கிறோம். வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 1 இலட்சத்து 80 ஆயிரம்தான் பெறும் என்கிறார். வங்கி அதில் 90 விழுக்காடு கொடுத்தால் 1 இலட்சத்து 62 ஆயிரம். மீதி 58 ஆயிரத்தை வாங்குபவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். மலிவு விலை வீட்டைத் தேடி வருபவரிடம் 58 ஆயிரம் எங்கே இருக்கும்? வீடு மாதக் கணக்கில் விற்காமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி, ஆள் தேடுதல். வீட்டு வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். உரிமையாளரே நேரடியாக விற்கிறார் என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். கோயில், மளிகைக்கடை, தாமான் மக்களின் புலனக் குழு ஆகிய இடங்களில் சொல்லி வையுங்கள். அதே தாமானில் வாடகைக்கு இருப்பவர்கள் பல வேளைகளில் நல்ல வாங்குபவர்கள். அவர்களுக்கு ஊரும் பள்ளியும் பழகிப்போனவை.

வீட்டைக் காட்டும்போது ஒழுகும் கூரை, அடைபட்ட கால்வாய், உடைந்த குழாய் ஆகியவற்றை முடிந்தவரை முன்பே சரிசெய்துவிடுங்கள். சரிசெய்ய முடியாததை மறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் தனியாக இருக்கும் நேரத்தில் அறிமுகமில்லாதவரை உள்ளே அழைக்க வேண்டாம். பார்க்க வந்தவர் எல்லாருக்கும் பட்டா நகலையும் அடையாளக் கார்டு நகலையும் கொடுக்க வேண்டாம். உறுதியாக வாங்குபவருக்குக் கொடுக்க நேர்ந்தால், அந்த நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

நான்காம் படி, பேரமும் முன்பணமும். வழக்கமாக வாங்குபவர் முதலில் விலையில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, அதையும் சேர்த்து மொத்தம் 10 விழுக்காடு ஆக்குவார். மீதி 90 விழுக்காடு மூன்று மாதத்துக்குள் வரவேண்டும். பெரும்பாலும் வட்டியோடு மேலும் ஒரு மாத அவகாசம் கொடுப்பார்கள். நம் 1 இலட்சத்து 80 ஆயிரம் வெள்ளி வீட்டுக்கு 10 விழுக்காடு 18,000. மீதி 1 இலட்சத்து 62 ஆயிரம்.

முன்பணம் வாங்கும்போது ஒரு தாளாவது எழுதிக்கொள்ள வேண்டும். விலை என்ன, எத்தனை நாளில் ஒப்பந்தம், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கொடுக்கப்படுமா இல்லையா, மின்விசிறியும் அலமாரியும் விலையில் சேர்ந்தவையா என்பனவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். முன்பணத்தை வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில் போட்டு வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஐந்தாம் படி, வழக்கறிஞர். வாங்குபவரின் வழக்கறிஞர் வாங்குபவருக்காகவே பேசுவார். "அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாமல், நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள கட்டண விதிப்படி, முதல் 5 இலட்சம் வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு அது 2,250 வெள்ளி. வங்கி அடமானத்தை நீக்குவது போன்ற வேலைகளுக்கும் பதிவுச் செலவுகளுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். தரகரிடம் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதியை இங்கே செலவிடுவது வீண் செலவு அல்ல. பட்டா மாற்றுவதற்கான முத்திரை வரியை வாங்குபவர் கட்டுவார்.

நிலத்தைக் கைமாற்றும் தாள், 14ஏ படிவம் என்பது. அதில் நாம் கையெழுத்திட்டு, அது நில அலுவலகத்தில் பதிவானால் வீடு வாங்குபவருடையது. நம் நாட்டு நிலச் சட்டத்தில் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கே முதலிடம். ஆகவே, விவரம் நிரப்பாத 14ஏ படிவத்தில் எவர் சொன்னாலும் கையெழுத்திடக்கூடாது. நம் வழக்கறிஞர் முன்னிலையில், அவர் விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்திட வேண்டும். பணம் வந்து சேர்வதற்கான வழி ஒப்பந்தப்படி உறுதியான பிறகே அந்தப் படிவம் பதிவுக்குப் போகும். ஒப்பந்தம் ஆனதும் வாங்குபவர் நம் பட்டாவின் மேல் ஒரு கவியாட் போடுவது வழக்கம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்றுவிடாமல் இருக்க அவர் செய்துகொள்ளும் பாதுகாப்பு அது.

நம் வீட்டின் மேல் 40,000 வெள்ளி வங்கிக் கடன் மீதமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் வங்கி முதலில் அந்த 40,000 வெள்ளியை நம் வங்கிக்குக் கட்டும். நம் வங்கி அடமானத்தை விடுவித்துப் பட்டாவைக் கொடுக்கும். அதன் பிறகு மீதி 1 இலட்சத்து 22 ஆயிரம் நம் வழக்கறிஞர் வழியாக நமக்கு வரும். முன்பே வந்த 18,000 வெள்ளியையும் சேர்த்தால், செலவுகளுக்கு முன் 1 இலட்சத்து 40 ஆயிரம். விற்ற விலை முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணி, அதை நம்பி வேறு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்து வரி. வீட்டை விற்றுக் கிடைத்த இலாபத்தின் மேல் சொத்து இலாப வரி உண்டு. குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. 2022 ஆம் ஆண்டு முதல், ஆறாம் ஆண்டிலிருந்து விற்றால் குடிமக்களுக்கு வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. வரி இல்லை என்றாலும், 60 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வாரியத்துக்கு விற்பனையை அறிவிக்க வேண்டும். விலையில் 3 விழுக்காட்டை, அதாவது நம் கணக்கில் 5,400 வெள்ளியை, வாங்குபவர் தரப்பு இந்த வரிக்காகப் பிடித்து வைப்பது உண்டு. நம் வீட்டுக்கு அப்படிப் பிடிப்பார்களா, பிடித்தால் எப்படித் திரும்பப் பெறுவது என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி, சாவி. "வண்ணம் பூசிக்கொள்கிறோம், சாமான் வைத்துக்கொள்கிறோம்" என்று வாங்குபவர் முன்னதாகவே சாவி கேட்கலாம். முழுப் பணமும் வந்த பிறகே சாவி கொடுக்க வேண்டும். உள்ளே குடியேறிவிட்ட ஒருவரை வெளியேற்றுவது எளிதல்ல. சாவி கொடுக்கும் நாளில் மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, நம் பெயரிலுள்ள வைப்புத் தொகையைத் திரும்பக் கேளுங்கள். நிலவரியும் மதிப்பீட்டு வரியும் அந்த நாள் வரைக்கும் நம் பொறுப்பு.

இரண்டு ஆபத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவசரக் கடன். பணமுடையில் இருக்கும் குடும்பத்திடம் ஒருவர், "இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள், நாளைக்கே பணம்" என்பார். கடன் பத்திரம் என்று நம்பிக் கையெழுத்திட்ட தாள், விற்பனை ஒப்பந்தமாகவோ அதிகாரப் பத்திரமாகவோ இருக்கும். கடனைத் திருப்பிக் கட்டப் போகும்போது வீடு வேறு பெயரில் இருக்கும். இப்படி வீட்டை இழந்து நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. படித்துப் புரியாத தாளில் கையெழுத்திட வேண்டாம். பட்டாவை ஈடாகக் கேட்கும் உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் பட்டாவைக் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, டி.ஓ.எல். நிலம். தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் உள்ள நிலத்தில் நாம் வீடு கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்திருக்கலாம். ஆயினும், தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது; உரிமம் பெற்றவர் இறந்தால் அது முடிந்துவிடும். அத்தகைய வீட்டை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி விற்பதும் வாங்குவதும் நம்மவர்களிடையே நடக்கிறது. வாங்கியவருக்கு நிலத்தின் மேல் எந்த உரிமையும் வருவதில்லை. பணம் கொடுத்தவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளிதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முகவரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீங்கள் வெகு தூரத்தில் இருந்தால், வீட்டைக் காட்ட ஆள் இல்லாவிட்டால், பல மாதம் முயன்றும் வீடு விற்காவிட்டால், நல்ல முகவர் தாம் வாங்கும் கூலிக்குத் தகுந்த வேலையைச் செய்வார். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, வாரியத்தின் பதிவேட்டில் சரிபார்த்து, கட்டணத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எவர் வழியாக விற்றாலும், விற்பதற்கு முன் குடும்பத்தில் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். விற்ற பிறகு எங்கே குடியிருப்பது, பணம் யார் கணக்கில் இருப்பது, தாயாருக்கு என்ன வழி என்பன முடிவாகட்டும். மகன் வீட்டில் இருக்கப் போகிறோம் என்றாலும், பெற்றோர் பணம் பெற்றோர் பெயரிலேயே இருப்பது நல்லது. பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்துச் சேர்த்த வீடு அது. அதன் விலை உழைத்தவர்களின் முதுமைக்குப் பயன்பட வேண்டும்.

மீண்டும் ஒரு பேச்சில் சந்திப்போம். வணக்கம்.